தேயிலை மலையும் ஆராய்ச்சிக் கூடமும்

உடப்புசல்லாவைச் சரிவுகளில் இன்று தேயிலை பசுமை விரித்து நிற்கிறது. ஆயினும் இலங்கை மலைநாட்டை முதலில் ஆண்ட பயிர் கோப்பியே. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துகள் படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளைச் சோதித்த பெர்க்கிலி என்னும் ஆங்கில அறிஞர், அது ஒரு புதிய பூஞ்சணமென அறிவித்தார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை.

அந்நோயை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் இலங்கைக்கு வந்தது 1880இலேதான். பூஞ்சண வித்துக்கள் காற்றிலே பரவுவதையும், மலைமுழுதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே அவற்றுக்கு வழி திறந்ததையும் அவர் விளக்கினார். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது, கோப்பி அழிந்தது.

அப்பாடம் வீண்போகவில்லை. 1925இல் சட்டமூலம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த சிறுவரியே அதன் செலவுக்கு ஆதாரமாயிற்று. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பும் அப்பணத்தில் அடங்கியிருந்தது. தொடக்கத்தில் நுவரெலியாவில் இயங்கிய நிலையம், பின்னர் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. ஆகவே 1946இல் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கியபோது, நாடு பதினோராண்டு காத்திருக்க நேரவில்லை. ஆராய்ச்சியாளர் அருகிலேயே இருந்தனர். செப்பு மருந்து தெளிக்கும் முறை தோட்டங்களிற் பரவியது. நல்ல தாய்ச்செடியின் தண்டுத் துண்டிலிருந்து கன்று வளர்க்கும் முறையும் வந்தது. தோட்டத்து மக்கள் 'வீ.பி. தேயிலை' என்று வழங்குவது இதனையே.

எனினும், ஆராய்ச்சிக்கூடம் இருந்தால் மட்டும் போதுமா? 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்தது. மண்ணையும் பயிரையும் அறிந்த அறிஞர் பலர் எச்சரித்தனர். ஆண்டு முடியுமுன்னரே தடை நீங்கியது. ஆனால் வாடிய செடி ஆணையினால் தளிர்ப்பதில்லை. அவ்வாண்டில் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த விளைச்சல், 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கிற்று. பசளைத் தட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கிய காரணம். கொழுந்து குறைந்தால் கூடை நிறையாது. கூடை நிறையாவிடில் லயத்து அடுப்பும் அதனை உணரும்.

கோப்பிக் காலத்தில் விஞ்ஞானம் பிந்தி வந்தது. 2021இலோ அது முன்னரே பேசிற்று; கேட்கப்படவில்லை. இரண்டின் விலையையும் மலைநாடே செலுத்தியது.