கட்டடங்கள் தாங்க வேண்டிய விசைகள்: கொங்கு வட்டாரம்

கட்டடத்தை மேலிருந்து அழுத்துவது ஒன்று, பக்கத்திலிருந்து தள்ளுவது இன்னொன்று. முதலாவது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். அதன்மேல் ஆளும் சாமானும் சேர்ந்து 200 கிலோ வரும் என்று வீடுகளுக்குக் கணக்கிடச் சொல்கிறது ஐ.எஸ். 875 தரநிலை.

பக்கவாட்டு விசைதான் இங்கே பலரும் மறப்பது. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6; தென்னிந்தியாவில் வெகுதூரம் வரை உணரப்பட்டது. “நம்மூருக்கு நிலநடுக்கமெல்லாம் வராது” என்ற பேச்சு அன்றே பொய்யாகிவிட்டது. நிலநடுக்க ஆபத்து மண்டலங்களை வகுக்கும் ஐ.எஸ். 1893 தரநிலையின் 2016 பதிப்பு கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. சென்னை அந்த மண்டலத்துக்கு வந்ததே 2002 திருத்தத்தில்தான். தரை அசையும்போது கட்டடத்தின் எடையே அதற்குப் பகை: எடை கூடினால் விசையும் கூடும். கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல், கார் நிறுத்தத் தூண்களை மட்டும் எழுப்பிய அடுக்குமாடிகள் இதில் மிகவும் பலவீனமானவை. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் இவ்வகைக் கட்டடங்கள் பல.

பக்கவாட்டில் தள்ளும் இன்னொரு விசை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கோவைக்கான வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ. தறிக்கூடத்தின் தகரக் கூரையைக் காற்று அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே ஆபத்து.

அடியிலிருந்தும் விசை வரும்: கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அஸ்திவாரம் அதற்குத் தக்க ஆழம் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ஈரமண்ணும் நீரும். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, தொடர்மழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் வீடுகள்மீது சரிந்து 17 பேர் இறந்தார்கள். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரில் உயரம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பின்னால் நீரும் தேங்கினால், காய்ந்த மண் தள்ளுவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுவர் தாங்க வேண்டியிருக்கும். பவானிசாகர் அணைக்குப் போடும் கணக்கைக் காம்பவுண்டு சுவருக்கு யாரும் போடுவதில்லை என்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

கட்டமைப்புப் பொறியாளரின் பொறுப்பைத் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் வரையறுத்துள்ளன. மேட்டு மண்ணை ஒட்டிச் சுவர் எழுப்புவோர் அவரிடம் கணக்குக் கேட்டு, தண்ணீர் வடியத் துளைகளும் விட்ட பிறகே உயர்த்த வேண்டும்.