குதிரை ஆண்டின் பள்ளம்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தேன். பிறப்புக் கணிப்புப் பாடம் வந்தால் கரும்பலகையில் முதலில் ஜப்பானின் மூன்று எண்களை எழுதுவேன். 1965இல் 18.2 லட்சம் குழந்தைகள், 1966இல் 13.6 லட்சம், 1967இல் 19.4 லட்சம்.

போரில்லை, பஞ்சமில்லை. நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுற்றைப் போல ஜப்பானியருக்கும் அறுபதாண்டுச் சுற்று உண்டு. அதில் 1966 ‘ஹினோஎ உமா’, நெருப்புக் குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது எடோ எனும் பழைய ஆட்சிக் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. மகளுக்கு வரன் அமையாதே என்ற கவலையில் தம்பதிகள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். 1906லும் பிறப்பு குறைந்தது. ஆனால் இவ்வளவு இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு வழிகள் பரவியபின் பழைய அச்சத்துக்கு வலு கூடிவிட்டது.

பிறப்பைக் கணிக்கும் முறை என்னவோ எளிது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை வயதுவாரியாக எண்ணி, அந்தந்த வயதின் பிள்ளைப்பேற்று விகிதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய உறுதி. விகிதம்தான் ஊகம்.

அந்த ஊகம் இன்றும் பிழைக்கிறது. 2024இல் ஜப்பானில் பிறந்தவர்கள் 6.86 லட்சம். அரசு ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பைவிடச் சுமார் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்த சரிவு இது.

1966இன் பள்ளம் இன்றும் அந்நாட்டின் வயதுப் பிரமிடில் வெட்டுத் தழும்பாகத் தெரிகிறது. பிறப்பைக் கணிப்பவர் அட்டவணையோடு மக்களின் அச்சங்களையும் படிக்க வேண்டும்.