கோத்தகிரிக் குருவிகளும் ட்ரிங் அலமாரிகளும்

கிங்ஸ்பரியில் வளர்ந்த நம்மில் பலருக்கு வெல்ஷ் ஹார்ப் ஏரி என்றால் சைக்கிள் ஓட்டப் போகும் இடம். உண்மையில் அது பிரெண்ட் ஆற்றை மறித்து 1835இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். கால்வாயில் படகுகள் ஓடத் தண்ணீர் தேவைப்பட்டது, அதற்காகக் கட்டினார்கள். தண்ணீர் நின்றதும் பறவைகளும் வந்தன. கிங்ஸ்பரியில் வாழ்ந்த ஜேம்ஸ் எட்மண்ட் ஹார்ட்டிங் என்ற இளைஞர் அவற்றைக் கவனித்து எழுதி, 1866இல் மிடில்செக்ஸ் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் பறவை பார்க்கப் போகிறவர் கையில் பெரும்பாலும் துப்பாக்கி இருக்கும். சுட்ட பறவையின் தோலைப் பதப்படுத்தி, இடம், தேதி, சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டைக் காலில் கட்டுவார்கள். இங்கே ஹார்ட்டிங் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, தமிழ்நாட்டு மலைகளிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கு கிராமத்தில் அவர் கட்டிய வீடு இன்றும் இருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே அந்த மலையில் தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் வாழ்ந்து வந்தார்கள். கோத்தகிரி என்ற பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள், பாருங்கள்.

அந்தக் கோத்தகிரியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் மார்கரெட் காக்பர்ன். 1829இல் சேலத்தில் பிறந்தவர். மலைப் பறவைகளை வண்ணத்தில் வரைந்தார். கூடு எங்கே இருந்தது, எந்த மாதம், எத்தனை முட்டை என்றெல்லாம் ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு எழுதி அனுப்பினார். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய தன் நூலில் ஹியூம் அந்தக் குறிப்புகளை அவர் பெயர் சொல்லியே சேர்த்தார். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று வரலாற்றுப் பாடத்தில் வருகிறாரே, அதே ஹியூம்தான். காங்கிரஸ் தொடங்கிய அதே 1885இல், தன்னிடம் இருந்த ஏறக்குறைய 80,000 பறவைத் தோல்களையும் முட்டைகளையும் அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்.

அவை இப்போது எங்கே? கிங்ஸ்பரியிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் சில்டர்ன் குன்றுகளின் ஓரத்தில் ட்ரிங் என்ற சிற்றூர். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. பொதுமக்களுக்கான கூடங்களைப் பார்க்கலாம். தோல்கள் இருக்கும் அலமாரிகள் ஆய்வாளர்களுக்கு மட்டும். காக்பர்னின் ஓவியங்களும் அதே நிறுவனத்திடம் லண்டனில் உள்ளன.

இனி ஒரு பறவையை எடுத்துக்கொள்வோம். நீலகிரிச் சிரிப்பான், நீலகிரியின் உயரமான சோலைக் காடுகளில் வாழ்வது. உலகில் வேறெங்கும் கிடையாது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் 1839இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பெயருக்குப் பொருளே உரக்கச் சிரிப்பது என்பதுதான். ஜெர்டன் ‘கண்டுபிடித்தார்’ என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டே வளர்ந்த மலை மக்களுக்கு அது புதிய பறவையா? வெளியூர்க்காரருக்கு வழி காட்டியவர், கூடு இருக்கும் மரத்தைச் சொன்னவர் பெயர்களுக்குச் சீட்டில் இடம் இருக்கவில்லை.

அதற்காக அந்தச் சீட்டுகள் வேண்டாதவை என்று தள்ளிவிட முடியாது. சோலைகளை வெட்டித் தேயிலையும் யூகலிப்டஸும் நட்ட பிறகு எந்தப் பறவை எங்கே குறைந்தது என்று அறிய, பழைய இடமும் தேதியும் வேண்டும். ஜெர்டனும் 1860களில் எழுதிய இந்தியப் பறவைகள் நூலில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களைக் கேட்டுப் பதிந்திருக்கிறார். யாரிடம் கேட்டார் என்பதுதான் இல்லை.

ஒரு பெயருக்குள் எவ்வளவு கவனிப்பு இருக்கிறது தெரியுமா? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் ஒரு வண்ணப் பறவைக்குத் தமிழில் ஆறுமணிக்குருவி என்று பெயர். காலையும் மாலையும் அந்த நேரத்தையொட்டிக் கூவுவதால். யாரோ பல நாள் காது கொடுத்துக் கேட்டு வைத்த பெயர் அது. வைத்தவர் யார் என்று எந்த அலமாரியிலும் எழுதியிருக்காது.

அடுத்த விடுமுறையில் கோத்தகிரிக்கோ நுவரெலியாவுக்கோ போகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். பறவை, இடம், தேதி எழுதுங்கள். அந்த ஊர்க்காரர் அதை என்ன பெயரில் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அவர் சம்மதித்தால், காட்டித் தந்தவர் என்று அவர் பெயரையும் எழுதுங்கள். பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தால், முதலில் வீட்டில் இருக்கும் அம்மம்மாவிடம் போய்க் கேளுங்கள்: “சின்ன வயசில நீங்க பார்த்த குருவிக்கு என்ன பேர்?”