பட்டை தோலுக்கு, பூ குவளைக்கு

மழை ஓய்ந்த மாதங்களில் வேலூர்–திருவண்ணாமலை சாலையில் போகிறவர்கள் கணியம்பாடியைச் சுற்றி ஒரு மஞ்சளைப் பார்த்திருப்பார்கள். தரிசு நிலம், ஏரிக்கரை, கரட்டு அடிவாரம், அமிர்திக் காட்டை நோக்கிப் போகும் வழி என்று எங்கும் அது பூத்திருக்கும். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. ஆடுமாடுகளும் அதைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. ஆவாரை அப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது.

அந்தப் பூவை நிழலில் உலர்த்தி, தோல் சீவிய சுக்கு, கொட்டை நீக்கிய கடுக்காய், நெல்லிவற்றல், ஏலக்காய் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பழமும் பூவும் நறுமணப் பொருளும் கலந்த ஒரு தேநீர் கிடைக்கும். தேயிலை சேராததால் தேநீர் என்று சொல்வதைவிடக் குடிநீர் என்று சொல்வதே பொருத்தம். சித்த மருத்துவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது சுக்கின் காரமும் ஏலக்காயின் வாசமும். அடுத்து நெல்லியின் புளிப்பு. இரண்டும் அடங்கிய பிறகு, நாக்கின் இரு ஓரங்களையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிப்பதுபோல ஒரு துவர்ப்பு வரும். வாய் உலர்ந்ததுபோல் இருக்கும். நாக்கைக் கொஞ்ச நேரம் சொரசொரப்பாக வைத்திருந்து மெதுவாக விலகும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பூமியின் ஒரு நூற்றாண்டு வரலாறு அந்தத் துவர்ப்பில்தான் இருக்கிறது.

துவர்ப்புக்குக் காரணம் டானின். பட்டை, காய், இலை, பூ எல்லாவற்றிலும் ஏறக்குறைய இருக்கும் ஒரு வகைச் சேர்மங்கள் இவை. புரதத்தைக் கண்டால் பற்றிக்கொள்வது இவற்றின் குணம். வாயில் விழுந்ததும் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன, எச்சிலின் வழுவழுப்பு போய்விடுகிறது, நாக்கு கரடுமுரடாகிறது. மாட்டுத்தோலில் கிடப்பதும் புரதம்தான், கொலாஜன் என்னும் நார். பட்டைச்சாற்றில் ஊறப்போட்ட தோலின் நார்களோடு டானின் பிணைந்துகொண்டால், கிருமிகளால் அதை அரிக்க முடியாது. அழுகிப்போக வேண்டிய பச்சைத்தோல் காலங்காலமாக நிற்கும் தோலாகிறது. குவளையில் ஒரு நொடியில் நடப்பதும் தோல் ஊறும் குழியில் வாரக்கணக்கில் நடப்பதும் ஒரே வேலை.

ஆங்கிலேயர்கள் ஆவாரையைத் தோல்காரர்களின் செடி என்றே அடையாளம் கண்டார்கள். ஊர்மக்கள் அதன் தண்டை வெட்டி, தட்டி, பட்டையை உரித்துக் கட்டுக்கட்டாக மாட்டுவண்டியில் ஏற்றித் தோல்ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்களுக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்புக் குழியில் கிடந்து மயிர் நீங்கி, சதை சீவப்பட்ட தோல், பிறகு ஆவாரம்பட்டைக் குழியில் இறங்கும். பட்டையின் சாறு தீரத்தீரப் புதுப் பட்டை போட்டு, தோலைப் புரட்டி, மிதித்து, மறுபடி அடுக்குவார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆவாரம்பட்டையில் மட்டும் பதமான தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதை வாங்கும் லண்டன் வியாபாரிக்கு வெளிர்நிறத் தோல்தான் வேண்டும். அதற்கு மருந்தாக வந்தது கடுக்காய். பட்டைக் குழியிலிருந்து எடுத்த தோலைக் கடுக்காய் நீரில் ஊறவைத்தால் சிவப்பு ஏறுவது மட்டுப்பட்டது, நிறமும் பொலிந்தது. இந்த முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பியவராக சார்லஸ் டி சூசா என்பவரைத் தொழில் வரலாறு குறிப்பிடுகிறது. மொரீஷியஸிலிருந்து வந்து, முதலில் புதுச்சேரியிலும் பிறகு சென்னையிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழில் செய்த யூரேசியர் அவர். ஆவாரையும் கடுக்காயும் அவருக்கு முன்பும் இங்கே தோலுக்குப் பழக்கமானவைதாம். ஏற்றுமதிக்கு ஏற்ற சீரான தரத்தை உண்டாக்கியதே அவருடைய பங்கு.

இப்படிப் பதமான தோலுக்குச் சந்தையில் ‘ஈ.ஐ. கிப்ஸ்’ என்று பெயர். கிழக்கிந்தியத் தோல் என்று பொருள். பாதி பதனிட்ட நிலையிலேயே கப்பலேறி, லண்டனில் ஏலத்துக்குப் போய், அங்கே மெருகேறிக் காலணியாகும். சென்னையில் பெரியமேடு இந்த வியாபாரத்தின் தலைவாசல். வேலூர் அடங்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு இந்தத் தொழில் வந்து குடியேறியதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை, பிறகு மேற்கே நீண்டு இந்த ஊர்களைத் துறைமுகத்தோடு இணைத்தது. பாலாற்று மணலுக்கடியில் தண்ணீர் இருந்தது. தரிசெல்லாம் ஆவாரை இருந்தது. ஜவ்வாது மலையில் கடுக்காய் இருந்தது. முதல்போட்டு வியாபாரம் செய்யத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். குழியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். அவர்கள் உடலால் இழந்ததை இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. திண்டுக்கல் தோல்ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘தோல்’ நாவலில்தான் அந்தக் கணக்கு ஓரளவு பதிவாகியிருக்கிறது.

முதல் உலகப்போர் வந்தபோது சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாக ஈ.ஐ. கிப்ஸையே பிரிட்டிஷ் அரசு பெருமளவில் வாங்கியது. கணியம்பாடிப் பக்கத்துத் தரிசில் உரித்த பட்டை ஐரோப்பியப் போர்க்களச் சேற்றை மிதித்திருக்கவும் கூடும்.

ஆவாரையின் ஆட்சி என்றென்றும் நீடிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப் பட்டை அதன் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. அதைவிடப் பெரிய போட்டி குரோம். சென்னை அரசுப் பணியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் இங்கே குரோம் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோமியம் உப்பில் ஓரிரு நாளில் முடிந்தது. அவர் அந்தத் தோலை முதலில் விற்க முயன்ற பொருள்களில் ஒன்று, கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கவலைச் சாலின் தோல். தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் நைந்துபோகாது என்பதால் விவசாயிகளுக்கு அது பயன்பட்டது. என்றாலும் பட்டைக் குழிகள் உடனே மூடப்படவில்லை. 1973இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுத்தோலாகவும் செருப்பாகவும் விற்றால் நாட்டுக்கு வருமானம் கூடும் என்பது நோக்கம். வருமானம் கூடியது. கூடவே குரோமும் கூடியது.

பாலாற்றுக்கு அதன் பிறகு என்ன ஆனது என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல்ஷாப்புக் கழிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அத்தீர்ப்பு பதிவுசெய்தது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றக் காரணமான தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டையில் பதனிட்ட காலத்தைப் பொற்காலமாக நினைத்துக்கொள்வது சரியல்ல. உப்பும் சுண்ணாம்பும் சதைக்கழிவும் அன்றும் வாய்க்காலில்தான் போயின. பட்டைச்சாற்றுக் கழிவும் தண்ணீரைக் கெடுக்கும். ஆனால், தொழில் பெருகிய அளவும் வேகமும் வேறு. மண்ணில் தங்கிய குரோமியம் வேறு.

பட்டைக்கு மவுசு குறைந்தபோதும் பூவுக்குக் குறையவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஊர்களில் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் ஆவாரம்பூவும் கூரையில் ஏறும். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் மாலையாகவும் விழும். ஒரே செடியின் பூ உயிருள்ள மாட்டை அலங்கரித்தது, அதன் பட்டை மாடு செத்த பிறகு தோலைக் காத்தது. இலங்கையில் ரணவரா என்ற பெயரில் சிங்களர்கள் இதைத் தேநீராகவே குடிக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ‘மாத்தறைத் தேயிலை’ என்றே அந்தச் செடிக்கு ஒரு பெயர் இருந்தது. தேயிலைத் தோட்டங்களின் நாட்டில், தேயிலைக்கு முன்பே இருந்த துவர்ப்பு அது.

தமிழ்நாட்டில் ஆவாரையின் வேர், பட்டை, இலை, பூ, காய் என ஐந்தும் மருந்தாகப் பயன்பட்டன. நீரிழிவுக்குச் சித்த மருத்துவம் சொல்லும் ஆவாரைக் குடிநீரில் கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம் ஆகியவையும் சேரும். துவர்ப்பு மிகுந்த கூட்டம் அது. கணியம்பாடி ஒன்றியத்தில் நீரிழிவைப் பற்றிப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் உடல்நலக் கணக்கு எடுத்துவருகிறது. 1990களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வையும் 2010–12 ஆய்வையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நகரத்தில் மட்டுமல்லாமல் கிராமங்களிலும் சர்க்கரை நோய் கூடியிருந்தது. ஆவாரம்பூப் பொட்டலங்கள் மளிகைக் கடை வரை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பொட்டலத்தின் மேல் ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியும் அச்சாகியிருக்கும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவைக் குடிப்பவர்கள் ஆபத்தில் கால் வைக்கிறார்கள். மருந்தோடு சேர்த்துக் குடிப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பதே முறை.

கடுக்காயின் கதை இதைவிடச் சுவையானது. உப்பு நீங்கலாக ஐந்து சுவையும் அதில் உண்டு என்பார்கள். சுக்குக்குத் தோலையும் கடுக்காய்க்குக் கொட்டையையும் நீக்கிவிட வேண்டும் என்பது நாட்டு வைத்தியத்தின் பால பாடம். தோல்ஷாப்பிலும் கொட்டைக்கு மதிப்பில்லை. டானின் இருப்பது சதைப்பகுதியில்தான், ஏறக்குறைய 30 சதவீதம். கொட்டையில் சொல்லும்படி எதுவுமில்லை. வைத்தியரும் தோல்காரரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இரும்பைப் பற்றியும் அப்படித்தான். கடுக்காய் நீரில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். அந்தக் கறுப்பை மையாகவும் துணிச்சாயமாகவும் பயன்படுத்தியவர்கள் உண்டு. ஆனால் தோலில் அது கறை. குவளையில் அது கண்ணுக்கு உவப்பில்லாத கருங்குழம்பு. அதனால் இந்தக் குடிநீரை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ கொதிக்கவைக்க வேண்டும். வீட்டில் ஒருமுறை இரும்புச் சட்டியில் வைத்துப் பார்த்தால் தோல்ஷாப்பின் பாதிப் பாடம் புரிந்துவிடும்.

 

2020இல் கொரோனா பரவியபோது தமிழ்நாடு முழுக்க மக்கள் கபசுரக் குடிநீர் குடித்தார்கள். அதில் சேரும் 15 சரக்குகளில் சுக்கு, இலவங்கம், கடுக்காய்த்தோல் மூன்றும் உண்டு. டீக்கடைப் பாலும் சர்க்கரையும் பழகிப்போன ஒரு தலைமுறை கசப்பையும் துவர்ப்பையும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது. வேலூர் லாங்கு பஜார் முதல் ஊர்ச் சந்தை வரை நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் கடுக்காயைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பழைய சுவை ஒன்றை மக்கள் முழுதாக மறந்துவிடவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஜவ்வாது மலையில் கடுக்காய், புளி, தேன் போன்றவற்றை மலையாளிப் பழங்குடியினர் சேகரித்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வியாபாரிகளுக்கும் விற்கிறார்கள். கடுக்காய்க்கு இன்றும் இரண்டு சந்தைகள் உண்டு. ஒன்று மருந்துக்கு, இன்னொன்று தோலுக்கு. ஈ.ஐ. தோல் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குரோமைத் தவிர்க்க விரும்பும் வெளிநாட்டு வாங்குநர்கள் பெருகுவதால் தாவரப் பதனிடலுக்கு மறுபடி தேவை எழுகிறது. அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இந்தத் திசையில் வேலை செய்திருக்கிறது. பட்டைக்காகச் செடியை வெட்டுவதும் பூவுக்காகச் செடியைக் காப்பதும் ஒரே தரிசில் மறுபடி எதிரெதிரே வந்து நிற்கலாம். அப்படி வந்தால், தரிசு என்று பதிவேட்டில் எழுதி மனை போட்டு விற்கும் நிலத்தில் கொஞ்சத்தையாவது ஆவாரைக்கு விட்டுவைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

குடிக்க நினைப்பவர்கள் பூவை எங்கே பறிப்பது என்பதில் கவனமாக இருக்க வேண்டும். லாரிப்புகை படியும் நெடுஞ்சாலை ஓரத்துப் பூ வேண்டாம். தோல் கழிவு ஓடிய ஓடைக்கரைப் பூவை ஆசைக்குக்கூடத் தொடக் கூடாது. அமிர்திப் பக்கம் மலையடிவாரத்துப் பூ நல்லது. வெயில் ஏறும் முன் பறித்து, காம்பு ஆய்ந்து, நிழலில் நான்கைந்து நாள் உலர்த்தினால் நிறம் போகாது. ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒரு கரண்டிப் பூ, ஒரு சிட்டிகை கடுக்காய்த்தோல் தூள், ஒரு துண்டு சுக்கு, நாலைந்து நெல்லிவற்றல், ஒரு ஏலக்காய் போதும். பனைவெல்லம் கடைசியில், அதுவும் கொஞ்சம்தான். இனிப்பு மிகுந்தால் துவர்ப்பு தெரியாது.