ஹெரால்டும் கெசலும்: டிரைவர் அண்ணாச்சிக்கு ஒரு பாக்கி

மலர்க்குழு நண்பர்கள், "கல்லூரி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதுங்க" என்று கேட்டபோது, கேன்டீன் வடையைப் பற்றியும் ஹாஸ்டல் வார்டனைப் பற்றியும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தெரியும். நான் ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். அதில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

1974. நான் பி.எஸ்சி. பௌதிகம் இரண்டாம் ஆண்டு. சுந்தரபாண்டியத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பண்ணையார் வீட்டில் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. அவர் மகன் என் வகுப்புத் தோழன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு, அப்படியே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதைக்கும் போனோம். ஓட்டியவர் டிரைவர் அண்ணாச்சி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். வளைவுக்குள் போனபின் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, "உள்ள போயிட்டு மிதிய விட்டா பின்பக்கம் வீசிரும் தம்பி" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "காலை எடுத்தா வேகம் குறையும் அண்ணாச்சி. வேகம் குறைஞ்சா எப்படி வீசும்? நியூட்டனைத்தான் கேக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ராஜபாளையம் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

இனி வண்டியின் கதை. ட்ரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிச்சலோட்டி. 1961 முதல் சென்னையில், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் நம் ஊர் ஹெரால்டு தயாரானது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் உடம்பே சேஸிஸ். தகடும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்தது. ஹெரால்டுக்குத் தனிச் சட்டம். தாய்க் கம்பெனி விரும்பிச் செய்ததல்ல அது. கார் உடம்பு செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. ஆகவே துண்டு துண்டாகச் செய்து சட்டத்தில் போல்ட்டு போட்டு மாட்டினார்கள். மேல்பாகத்தை மாற்றினால் சலூன், கூப்பே, திறந்த கார் எல்லாம் அதே சட்டத்தில் வந்துவிடும்!

திரும்பும் வட்டம் 25 அடிதான். நம் தெருக்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். பின்பக்கத்தில்தான் விஷயம். டிஃபரன்ஷியல் சட்டத்தோடு நிலையாக இருக்கும். இரண்டு பக்க அச்சும் அதன் ஓரத்திலிருந்து இறக்கைபோல மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் சுகம். ஆனால் வளைவின் நடுவில் காலை எடுத்தால் பாரம் முன்னால் சாய்கிறது, பின்பக்கம் எழும்புகிறது, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளுக்குள் மடங்குகிறது, டயரின் பிடி விட்டுப்போகிறது. நியூட்டன் அண்ணாச்சி பக்கம்தான் இருந்தார்.

இதே அடிப்படையில் இங்கிலாந்தில் 1966இல் இரண்டு வேக வண்டிகள் வந்தன: ஜி.டி.6 என்ற கூப்பே, விட்டெஸ் என்ற சலூனின் 2 லிட்டர் வடிவம். இரண்டிலும் ஒரே 2 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின். கூப்பேயின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 83 அங்குலம், சலூனுக்கு 91.5. குட்டை வண்டி சட்டென்று திரும்பும். பின்பக்கம் வீசினாலும் அதே சட்டென்றுதான், பிடித்து நிறுத்த நேரம் தராது. நீள வண்டி கொஞ்சம் சொல்லிவிட்டு வீசும், அவ்வளவே. கூப்பே என்றால் கையாளச் சிறந்தது என்று நம் பையன்கள் நினைப்பது முழுச் சரியல்ல என்பதற்காகச் சொல்கிறேன். கடைசியில் 1968இல் இரண்டுக்கும் கீழே கூடுதல் கை வைத்துப் பின்பக்கத்தை மாற்றினார்கள்.

சென்னைக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த நாலு கதவு கெசலில் ஆடும் அச்சையே எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாயில் கோத்த பழைய மாதிரி அச்சைப் போட்டார்கள். பின்னடைவு என்று சிலர் சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் கையில் பழகியதும் அதுதானே! என்ஜின் அதே 948 சி.சி. 1977இல் கெசலும் நின்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 சில வருடமே தாக்குப்பிடித்தது.

ஆடும் அச்சின் படத்தை மதுரையில் ஒரு நூலகத்தில் தற்செயலாகப் பார்த்தபோது எனக்கு வேலை கிடைத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரு தாளில் வரைந்துகொண்டேன். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் அதை விரித்து, ஆரியங்காவு பேச்சை எடுத்து, "நான்தான் தப்பு" என்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நம்ம ஹெரால்டு. கெசலுக்கு இப்படி இருக்காதுல்லா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"அதான் அன்னிக்கே சொன்னேம்லா" என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.