ஆறு சேவல்களும் ஒரு கேள்வியும்

காயடித்த காளையின் மூர்க்கம் அடங்கும் என்பதை உழவர்கள் எந்நூலையும் கற்று அறிந்தாரல்லர். விரையை நீக்கினால் ஆணுக்குரிய அடையாளங்கள் மங்கும் என்பது உலகெங்கும் பழைய செய்திதான். அவ்விரை எவ்வழியாக உடலை ஆள்கிறது என்பதே விடை காணாக் கேள்வியாக இருந்தது.

செருமனியின் கோட்டிங்கன் நகரில் பேராசிரியர் பெர்தோல்டு ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டிற்கு இரு விரைகளையும் அகற்றினார். அவற்றுக்குக் கொண்டை வளரவில்லை. சேவலின் கூவலும் சண்டைக்குணமும் அமையவில்லை. எஞ்சிய நான்கின் வயிற்றினுள், நரம்புத் தொடர்பு அறுபட்ட ஒரு விரை மட்டும் இருந்தது. இரண்டிற்கு அதுவும் வேறொரு சேவலினுடையது! அந்நான்கும் குறைவின்றிச் சேவல்களாகவே வளர்ந்தன. அறுத்துப் பார்த்தபோது விரையில் புதிய இரத்தக் குழாய்கள் தென்பட்டன. ஆகவே விரையின் ஆணை இரத்தத்தின் வழியே செல்கிறது என்று 1849இல் நான்கே பக்கங்களில் எழுதினார். அறிவுலகம் அதைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை.

மாறாக, 1889இல் பாரிசில் பிரௌன் செக்கார் என்ற 72 வயது அறிஞர், விலங்கு விரைச்சாற்றை ஊசியால் ஏற்றிக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தபோது ஊரே திரண்டது. நீரில் எடுத்த அச்சாற்றில் ஹார்மோன் இல்லையென்றே சொல்லிவிடலாம். தவறு புகழ்பெற்றது, உண்மை நூலகத்தில் உறங்கியது. இது நமக்குப் புதிதன்று.

ஆம்ஸ்டர்டாமில் லாக்குவர் குழுவினர் 1935இல் காளை விரைகளிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டிரோன் எனப் பெயரிட்டனர். எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. இரத்தம் உடலெங்கும் ஓடுகிறது. கொண்டை மட்டும் ஏன் செவிசாய்க்கிறது?

விடை, எலியின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து 1968இல் வந்தது. டல்லாசில் புருகோவ்ஸ்கியும் வில்சனும், சிகாகோவில் ஆண்டர்சனும் லியாவோவும் தனித்தனியே கண்டனர்: உயிரணுவுள் நுழையும் டெஸ்டோஸ்டிரோன், டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக உருமாறி உட்கருவுக்குள் தங்குகிறது. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதமே பின் மரபணு இழையில் அமர்ந்து, குறிப்பிட்ட மரபணுக்களைப் பேசவைக்கிறது. ஏற்பி இல்லாத உயிரணு அவ்வோசையைக் கேளாது. முதியவர்களுக்கு மருத்துவர் எழுதித்தரும் பி.எஸ்.ஏ. சோதனை அளப்பதும், இவ்வேற்பி தூண்டும் ஒரு மரபணுவின் விளைபொருளையே.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு விரை நீக்கம் பயன்தரும் என்று சிகாகோவின் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டியிருந்தார். ஏற்பியை அறிந்தபின், அதை அடைக்கும் மருந்துகள் வந்தன. ஆயினும் சில நோயாளிகளின் புற்றணுக்கள் ஏற்பியின் மரபணுவையே பல படிகளாகப் பெருக்கிக்கொண்டு, எஞ்சிய துளி ஹார்மோனிலும் வளர்கின்றன.