எஸ்தாங்கே, டோனி (1978– )

பிரான்ஸ் நாட்டுக் கேனோ ஸ்லாலம் வீரரும், 2000, 2004, 2012 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஒற்றையர் கேனோப் பிரிவில் தங்கம் வென்றவரும், பின்னர் 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவராகப் பணியாற்றியவருமான டோனி எஸ்தாங்கே, 1978 மே 6 அன்று தென்மேற்குப் பிரான்ஸின் போ நகரில் பிறந்தார். அவருடைய போட்டி வாழ்க்கையை ஸ்லோவாக்கிய வீரர் மிஹால் மார்ட்டிகானை விட்டுவிட்டு எழுத இயலாது. 1996 முதல் 2012 வரை நடந்த ஐந்து ஒலிம்பிக்குகளிலும் இப்பிரிவின் தங்கம் இவ்விருவருள் ஒருவரையே சேர்ந்தது. மூன்றாம் மனிதர் ஒருவர் அதைத் தொடுவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின.

விளையாட்டின் இயல்பு

பனிச்சறுக்கில் நட்டுவைத்த கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டிக்கு ஸ்லாலம் என்று பெயர். அதே முறையைப் பாய்ந்தோடும் ஆற்றுக்குக் கொண்டுவந்ததே கேனோ ஸ்லாலம். 1930களில் சுவிட்சர்லாந்தில் தோன்றிய இவ்விளையாட்டின் முதல் உலகப் போட்டி 1949இல் ஜெனீவாவில் நடைபெற்றது. ஒலிம்பிக்கில் அது 1972இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒருமுறை இடம்பெற்று, பின் இருபது ஆண்டுகள் விடுபட்டு, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின்போது பிரனீஸ் மலையடிவாரத்து லா செயு துர்ஜெல் ஊரில் மீண்டும் நுழைந்தது.

போட்டி நடக்கும் நீர்வழியின் மேலே குறுக்காகக் கம்பிகள் கட்டி, அவற்றிலிருந்து இரண்டிரண்டு கழிகளைத் தொங்கவிட்டு அமைப்பதை வாயில் என்பர். ஒரு போட்டியில் 18 முதல் 25 வரை வாயில்கள் இருக்கும். பச்சை வரியிட்ட வாயில்களை நீரோட்டத்தோடு இறங்கியும், சிவப்பு வரியிட்ட வாயில்களை நீரோட்டத்தை எதிர்த்து ஏறியும் கடக்கவேண்டும். பாறையிலோ தடுப்பிலோ மோதிய நீர் அதன் பின்புறத்தில் திரும்பி மேல்நோக்கிச் சுழலும் இடம் எதிர்ச்சுழி எனப்படும். சிவப்பு வாயில்கள் பெரும்பாலும் அத்தகைய சுழிகளின் மேல்தான் தொங்கவிடப்படுகின்றன. சுழிக்குள் படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, எந்தக் கணத்தில் செருகுவது என்பதில் பிசகினால் வேகம் முழுவதும் அங்கேயே கரைந்துபோகும். கழியை உடலோ படகோ துடுப்போ தொட்டால் 2 வினாடியும், வாயிலைத் தவறவிட்டால் 50 வினாடியும் ஓடிய நேரத்துடன் கூட்டப்படும். முதல் இரண்டு இடங்களுக்கு இடையே பெரும்பாலும் 2 வினாடிகூட வேறுபாடு இராத இவ்விளையாட்டில், கழியை ஒருமுறை உரசுவதே ஒரு பதக்கத்தின் நிறத்தை மாற்றிவிடும். வாயில்கள் அமைக்கப்பட்ட பின் அந்த அமைப்பில் பயிற்சி செய்ய வீரர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் இங்கே சேர்த்துக் கருதவேண்டும். கரையோரம் நடந்து நீரைப் படித்து, முன்னோட்டமாகச் செல்வோர் கடப்பதைக் கவனித்து, வழி முழுவதையும் மனத்தில் எழுதிக்கொண்டே அவர்கள் படகில் இறங்குகின்றனர்.

கயாக் என்னும் படகில் வீரர் கால்நீட்டி அமர்ந்து இருபுறமும் அலகுள்ள துடுப்பைப் பிடிப்பார். எஸ்தாங்கே ஓட்டிய கேனோவிலோ மண்டியிட்டு, தொடைகளைப் பட்டையால் இறுக்கிக்கொண்டு, ஒரே அலகுள்ள துடுப்பால் ஒரு பக்கமாக வலிக்கவேண்டும். வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வாயில் வந்தால், கைப்பிடியை மாற்றாமலே இடுப்பிலிருந்து உடலைத் திருக்கி, துடுப்பைப் படகின் குறுக்காகக் கொண்டுபோய் மறுபுற நீரில் ஊன்றுவதே மரபான உத்தி. ஆகவே வாயில்களின் அமைப்பு ஒவ்வொன்றும், வலப்பக்கம் வலிப்பவர், இடப்பக்கம் வலிப்பவர் ஆகிய இருவருள் ஒருவருக்குச் சற்று எளிதாகவும் மற்றவருக்குச் சற்றுக் கடினமாகவும் அமையும். கயாக்கைவிடக் கேனோவே சமநிலைக்குக் கடுமையான தேர்வு என்று கூறுவது மிகையன்று.

குடும்பமும் தொடக்கமும்

பிரனீஸ் மலையிலிருந்து இறங்கும் காவ் த போ என்னும் ஆற்றின் கரையில் அமைந்தது போ நகரம். காவ் என்பது அப்பகுதி மக்கள் மலையாறுகளுக்கு வழங்கும் பொதுப்பெயர். எஸ்தாங்கேயின் தந்தை ஆன்ரி, வாயில்கள் இன்றிக் காட்டாற்றில் நெடுந்தொலைவு இறங்கும் கேனோப் போட்டிகளில் பங்கேற்றவர். மூன்று மகன்களில் டோனி கடைக்குட்டி. அண்ணன்களுள் ஒருவரான பாத்ரீஸ், டோனிக்கு ஐந்து வயது மூத்தவர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகள் டென்னசி மாநிலத்தின் ஒக்கோயி ஆற்றில் நடந்தபோது பாத்ரீஸ் ஒற்றையர் கேனோவில் வெண்கலம் வென்றார். அன்று தங்கம் வென்றவர் 17 வயதே நிரம்பிய மார்ட்டிகான். 1993இல் தனிநாடான ஸ்லோவாக்கியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அதுவே.

சிட்னி ஒலிம்பிக்குக்கான பிரெஞ்சுத் தேர்வுப் போட்டிகளில் டோனி தம் அண்ணனை முந்தி அணியில் இடம்பிடித்தார். பதக்கம் பெற்ற அண்ணன் வீட்டிலிருக்க, அதுவரை ஒலிம்பிக்கைப் பாராத தம்பி களம் சென்றார். பென்ரித் நகரில், நீரை எந்திரங்களால் மேலேற்றிக் கீழே பாயவிட்டு உருவாக்கிய செயற்கை வாய்க்காலில் நடந்த அப்போட்டியில், இரண்டு ஓட்டங்களின் நேரமும் கூட்டப்பட்டபோது, எஸ்தாங்கே 231.87 வினாடியிலும் மார்ட்டிகான் 233.76 வினாடியிலும் முடித்தனர். மற்றொரு ஸ்லோவாக்கியரான யுராய் மின்ச்சிக் வெண்கலம் பெற்றார். தங்கம் வென்றபோது எஸ்தாங்கேக்கு வயது 22.

ஏதென்ஸ் தீர்ப்பு

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் ஸ்லாலம் களம், பழைய எல்லினிகோ விமான நிலைய நிலத்தில், கடல்நீரைக்கொண்டு இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. அங்கே அரையிறுதி, இறுதி ஆகிய இரண்டு ஓட்டங்களின் நேரமும் கூட்டப்பட்டபோது எஸ்தாங்கேயின் கணக்கு 189.16 வினாடி, மார்ட்டிகானின் கணக்கு 189.28 வினாடி. இடைவெளி ஒரு வினாடியில் நூற்றில் 12 பங்கு. ஜெர்மனியின் ஸ்டெஃபான் ஃபான்மொல்லர் மூன்றாம் இடத்தில் வெகு பின்னால், 191.56 வினாடியில் இருந்தார். ஆனால் மார்ட்டிகானின் கணக்கில் ஒரு கழியைத் தொட்டதற்காக நடுவர்கள் சேர்த்த 2 வினாடி அடங்கியிருந்தது. அத்தண்டம் விதிக்கப்பட்டிராவிட்டால் அவர் 1.88 வினாடி முன்னிலையில் வென்றிருப்பார். எனவே அத்தீர்ப்பு அப்போதே வாதத்துக்கு உள்ளாயிற்று. ஸ்லோவாக்கிய விளையாட்டு அன்பர்கள் அதை இன்றும் மறந்துவிடவில்லை.

இந்நிகழ்ச்சியை எஸ்தாங்கேக்கு வாய்த்த நல்லூழாக மட்டும் காண்பது பொருத்தமன்று. கழியைத் தொடாமல் செல்வதும் விரைந்து செல்வதும் இவ்விளையாட்டில் ஒரே திறமையின் இரு கூறுகள். உரசல் நேரும் அளவுக்குக் கழியை நெருங்கி வெட்டித் திரும்புபவர் அதில் மிச்சப்படும் அரை வினாடிக்காக 2 வினாடியைப் பணயம் வைக்கிறார். மார்ட்டிகான் அத்தகைய துணிச்சலாலேயே பெயர் பெற்றவர், அத்துணிச்சலே அவருக்கு நான்கு உலகப் பட்டங்களையும் தந்தது.

படகு மாற்றமும் பெய்ஜிங்கும்

ஏதென்ஸுக்குப் பின், 2005இல், ஒற்றையர் படகின் குறைந்தபட்ச நீளம் 4 மீட்டரிலிருந்து 3.5 மீட்டராகக் குறைக்கப்பட்டது. குட்டையான படகு சுழியில் சட்டெனத் திரும்பும். பின்முனையை நீருக்குள் அமிழ்த்தி அணியத்தை வானோக்கித் தூக்கி ஒரே வீச்சில் சுழலும் உத்தியும் முன்னைவிட எளிதாயிற்று. நீண்ட படகில் வளர்ந்த பலரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்த அக்காலத்தில், எஸ்தாங்கே 2006இல் பிராகா நகரில் தம் முதல் தனிநபர் உலகப் பட்டத்தை வென்றார். பிரான்ஸ் குழுவில் ஒருவராக 2005, 2007 ஆகிய ஆண்டுகளிலும் உலகத் தங்கம் பெற்றார். 2007இன் தனிநபர் பட்டம் மார்ட்டிகானுக்குச் சென்றது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் பிரான்ஸின் கொடியை ஏந்திச் சென்றவர் எஸ்தாங்கே. தொடர்ந்து மூன்றாம் தங்கத்தை வெல்வார் என்ற எதிர்பார்ப்போடு களமிறங்கிய அவர், அரையிறுதியில் ஒன்பதாவதாக வந்தார். இறுதிக்குத் தேர்வானவர்கள் எட்டுப் பேர். தங்கம் மார்ட்டிகானுடையதாயிற்று. பிரிட்டனின் டேவிட் ஃபுளோரன்ஸ் வெள்ளியும் ஆஸ்திரேலியாவின் ராபின் பெல் வெண்கலமும் பெற்றனர்.

முப்பது வயதில் நேர்ந்த இத்தோல்விக்குப் பிறகே எஸ்தாங்கேயின் மிகச் சிறந்த ஆண்டுகள் வந்தன என்பது கவனிக்கத்தக்கது. 2009இல் லா செயு துர்ஜெலிலும், 2010இல் லியுப்லியானாவை அடுத்த தாட்செனிலும் அடுத்தடுத்து உலகப் பட்டம் வென்றார்.

லண்டன்

லண்டன் ஒலிம்பிக்குக்கு ஒரு நாட்டிலிருந்து இப்பிரிவில் ஒரு படகே செல்லலாம் என்றிருந்ததால், எஸ்தாங்கே முதலில் தம் நாட்டவரையே வெல்லவேண்டியிருந்தது. அவர்களுள் தெனி கார்கோ ஷனு 2011இல் பிராட்டிஸ்லாவாவில் உலகப் பட்டம் வென்று வந்திருந்தார். உலக வாகையரை வீட்டில் நிறுத்திவிட்டுப் புறப்பட்ட 34 வயது வீரர், லீ வேலி நீர்க்களத்தில் 97.06 வினாடியில் இறுதி ஓட்டத்தை முடித்தார். பழைய முறை மாறி, இறுதி ஓட்டத்தின் நேரம் மட்டுமே கணக்கிடப்பட்ட போட்டி அது. அரையிறுதியில் எவ்வளவு முந்தியிருந்தாலும் இறுதியில் அது உதவாது. ஜெர்மனியின் சிடெரிஸ் தாசியாடிஸ் 98.09 வினாடியில் வெள்ளியையும், மார்ட்டிகான் 98.31 வினாடியில் வெண்கலத்தையும் பெற்றனர்.

இரு வீரர்களின் ஒலிம்பிக் வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். மார்ட்டிகான் ஐந்து ஒலிம்பிக்குகளில் இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் என ஒருமுறைகூடப் பதக்க மேடையை விட்டு இறங்கியதில்லை. எஸ்தாங்கே பங்கேற்ற நான்கில் மூன்று தங்கம், ஒன்றில் எதுவும் இல்லை. வெள்ளியும் வெண்கலமும் அவர் அறியாதவை. தனிநபர் உலகப் பட்டங்களிலும் மார்ட்டிகானே நான்குக்கு மூன்று என முந்தி நிற்கிறார். ஆனால் இருவரும் ஒலிம்பிக் இறுதியில் நேருக்கு நேர் நின்ற மூன்று முறையும் வென்றவர் எஸ்தாங்கே. மார்ட்டிகானின் இரண்டு தங்கங்களும் எஸ்தாங்கே இறுதியில் இல்லாத ஆண்டுகளில் கிடைத்தவை. நீடித்த நிலைத்தன்மையை அளவுகோலாகக் கொள்பவர் மார்ட்டிகானையும், வேண்டிய நாளில் வேண்டியதைச் செய்வதை அளவுகோலாகக் கொள்பவர் எஸ்தாங்கேயையும் உயர்த்திப் பேசுவர். ஏதென்ஸின் 2 வினாடியை ஒதுக்கிவைத்தாலும், சிட்னிக்கும் லண்டனுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இரண்டாம் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது.

நிர்வாகப் பணி

2012 நவம்பரில் எஸ்தாங்கே போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். லண்டன் ஒலிம்பிக்கின்போது நடந்த பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் வீரர் ஆணையத் தேர்தலில், முன்னணியிலிருந்த இரு வேட்பாளர்கள் பிரசார விதிகளை மீறியதாக நீக்கப்பட்டதால் எழுந்த வழக்கு முடிந்தபின், 2013இல் அவர் அக்குழுவின் உறுப்பினரானார். பன்னாட்டுக் கேனோக் கூட்டமைப்பின் துணைத் தலைவராகவும் இருந்தார். 2024 ஒலிம்பிக்கைப் பாரிஸுக்குக் கோரிய குழுவுக்கு ரக்பி நிர்வாகி பெர்னார் லாப்பசேயுடன் இணைத்தலைவராகச் செயல்பட்டார். 2017 செப்டம்பர் 13 அன்று லிமா நகரில் பாரிஸ் தேர்வானதைத் தொடர்ந்து ஏற்பாட்டுக் குழுவின் தலைமையை ஏற்றார். அவ்வொலிம்பிக்கின் தொடக்க விழா 2024 ஜூலை 26 அன்று, விளையாட்டரங்கில் அன்றி, வீரர்கள் படகுகளில் ஏறி சேன் ஆற்றில் ஊர்வலமாகச் செல்லும் வகையில் கொட்டும் மழையில் நடைபெற்றது.

எஸ்தாங்கேயும் மார்ட்டிகானும் விட்டுச்சென்ற இடத்தை முதலில் நிரப்பியவர், 2012இல் எஸ்தாங்கேயிடம் வாய்ப்பை இழந்த கார்கோ ஷனுவே. 2016 ரியோ ஒலிம்பிக்கின் தங்கம் அவருடையது. அவ்வாண்டு ஸ்லோவாக்கியாவின் ஒற்றை இடத்தை மார்ட்டிகானிடமிருந்து மாட்டேய் பெனுஷ் பறித்து வெள்ளி வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகள் நகருக்குக் கிழக்கேயுள்ள வேர்-சூர்-மார்ன் நீர்க்களத்தில் நடைபெற்றன; ஆடவர் ஒற்றையர் கேனோவின் தங்கத்தைப் பிரான்ஸின் நிக்கோலா ஜெஸ்தாங் வென்றார்.